சங்கம் சொல்லும் ‘நாங்கள்’ எப்போது ‘நாம்’ ஆகிறது?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: ஒரே ஆலைக்குள் ஆயிரம் பேர் நிரந்தரமாக வேலை பார்த்த காலத்துக்கு ஏற்றதாக இருந்தது தொழிற்சங்கம். இன்று ஒப்பந்த வேலை, பகுதிநேர வேலை, செயலி வழி வேலை என்று ஆட்கள் சிதறிவிட்டார்கள். இந்த நிலையில் சங்கம் தன் அடையாளத்தை எப்படி மாற்றிக்கொள்கிறது? மாற்றிக்கொண்ட பின்னும் அது சங்கமாகவே இருக்குமா? செயலியில் வேலை பார்ப்பவர்கள் பழைய சங்கத்தில் சேர்வதா, தனிச் சங்கம் தொடங்குவதா?

கேள்விக்குள் இருக்கும் ஓர் எண்ணத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். நிரந்தர ஆலைத் தொழிலாளியின் சங்கம்தான் மூலவடிவம், மற்றதெல்லாம் பிற்காலத் திரிபு என்று பலரும் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் வலுவாக இருந்தவை கைத்தொழில் வல்லுநர்களின் சங்கங்கள். 1851-இல் உருவான பொறியியல் தொழிலாளர் சங்கம் அவற்றுக்கு முன்மாதிரி. பயிற்சிக் காலத்தை முறையாக முடித்த ஆண்களுக்குத்தான் அதில் இடம். சந்தா அதிகம், அதற்கு ஈடாக நோய்க்கால உதவி, வேலையில்லாக் கால உதவி, ஈமச்செலவு எல்லாவற்றையும் சங்கமே பார்த்துக்கொண்டது. பக்கத்திலேயே மூட்டை சுமந்தவரும் கரி அள்ளியவரும் அந்தச் சங்கத்துக்கு வேற்றாட்கள்.

ஆலையில் இருக்கும் எல்லோரும் ஒரே சங்கத்தில் சேரலாம் என்பது பின்னால் வந்த எண்ணம். அதற்கே பெரும் சண்டை நடந்தது. 1935-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் மாநாட்டில், சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஜான் எல். லூயிஸ் தச்சர் சங்கத் தலைவர் ஹட்சிசனை அரங்கிலேயே குத்தினார். கைத்தொழில்வாரியாகப் பிரிந்த சங்கங்களா, தொழில்துறை முழுவதற்கும் ஒரே சங்கமா என்பதுதான் தகராறு. மாநாட்டு வாக்கெடுப்பில் லூயிஸ் அணி தோற்றது. ஆனால் அவர்கள் அமைத்த, தொழில்துறைவாரிச் சங்கங்களின் அமைப்பான சிஐஓவின் பக்கம் நின்ற கார்த் தொழிலாளர்கள், 1936 டிசம்பர் 30 முதல் 44 நாள் ஃபிளின்ட் நகர ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடி ஜெனரல் மோட்டார்ஸிடம் அங்கீகாரம் வாங்கினார்கள். இன்று நாம் ‘பழைய சங்கம்’ என்று சொல்வது ஒரு காலத்தில் கலகக்காரர்களின் புதுச் சங்கம்.

இதைப் பேசத் தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’, விலக்கிச் சொன்னால் ‘நாங்கள்’. ஆலை வாயிலில் நடக்கும் கூட்டத்தில் சங்கத் தலைவர் பேசுகிறார். எதிரே நிரந்தரத் தொழிலாளர்களோடு ஒப்பந்தத் தொழிலாளர்களும் நின்று கேட்கிறார்கள். “நம் சம்பளம்” என்று அவர் சொல்லும்போது அந்த ஒப்பந்தத் தொழிலாளி அதில் இருக்கிறாரா, இல்லையா? சங்கத்தின் அடையாளம் என்பது அடிப்படையில் இந்தக் கேள்விதான். கொடி, சின்னம், முழக்கம் எல்லாம் அதற்கு அப்புறம். சங்கங்கள் உண்மையாகவே மாறிய தருணங்களைப் பார்த்தால், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வந்து கதவைத் தட்டியதும், உள்ளே இருந்தவர்கள் தங்கள் கையிலிருந்து ஏதோ ஒன்றைக் கொடுத்ததும் சேர்ந்தே நடந்திருக்கின்றன. கொடுக்காமல் மாறிய சங்கம் எதையும் நான் பார்க்கவில்லை.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு 1889-ஆம் ஆண்டு லண்டன் துறைமுக வேலைநிறுத்தம். செயலித் தொழிலாளர்களைத் திரட்டவே முடியாது என்று யாராவது சொன்னால் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். அன்றைய துறைமுகத் தொழிலாளிக்கு நிரந்தர வேலை கிடையாது. காலையில் வாயிலில் கூட்டம் நெருக்கும். மேஸ்திரி யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கு வேலை. அதுவும் சில நாள் ஓரிரு மணி நேரத்தோடு முடிந்துவிடும். ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளி முன்னே போனால்தான் சாப்பாடு. இவர்களிடம் ஒற்றுமை வராது என்பதே கைத்தொழில் சங்கங்களின் முடிவான கருத்தாக இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் முன்னின்று நடத்திய போராட்டம் மணிக்கு 6 பென்ஸ் கூலி கேட்டது. வேலைக்கு எடுத்தால் குறைந்தது 4 மணி நேரமாவது வேலை தர வேண்டும் என்றது. ஏறத்தாழ ஐந்து வாரத்தில் 6 பென்ஸ் கிடைத்தது.

வெற்றிக்கு ஆஸ்திரேலியத் தொழிலாளர்களும் ஆதரவாளர்களும் அனுப்பிய 30,000 பவுண்டு பெரிய காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அதற்கு முன்பே நடந்த ஒன்றை நான் பெரிதாக நினைக்கிறேன். கப்பலுக்குள் சரக்கு அடுக்கும் திறன்பெற்ற தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே சங்கம் இருந்தது. ஓரளவு நல்ல கூலியும் இருந்தது. அவர்களுக்கு இந்தப் போராட்டத்தில் நேரடியாகக் கிடைக்கப்போவது எதுவுமில்லை. இருந்தும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ‘நாங்கள்’ அன்று ‘நாம்’ ஆனது.

அதோடு கதை முடியவில்லை. தினக்கூலி முறை அங்கே மேலும் பல பத்தாண்டுகள் ஓடியது. 1947-இல் பிரிட்டனில் துறைமுகத் தொழிலாளர் திட்டம் வந்தபோதுதான் ஓர் ஒழுங்கு பிறந்தது. தொழிலாளர்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டார்கள். வேலைக்கு வந்து, வேலை கிடைக்காமல் போனாலும் வருகைப்படி உண்டு. செலவு முதலாளிகள் செலுத்தும் தீர்வையிலிருந்து. முதலாளிகளும் சங்கமும் சேர்ந்து இதற்கான வாரியத்தை நடத்தினார்கள். 1969-இல் மகாராஷ்டிரத்தில் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்களுக்காக வந்த சட்டமும் இதே வழியில்தான் போனது: கூலியையும் அதற்கு மேல் ஒரு தீர்வையையும் வாரியத்தில் கட்ட வேண்டும், தொழிலாளி எத்தனை பேரிடம் வேலை பார்த்தாலும் பலன்கள் அவர் பெயரிலேயே சேரும். செயலி வேலைக்கு இன்று நல வாரியம், தீர்வை என்று பேசுபவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தெரியாத முதலாளியிடம் தினம் தினம் மாறி மாறி வேலை பார்ப்பவருக்கான ஏற்பாட்டைச் சங்கங்கள் முன்பே உருவாக்கிக் காட்டியிருக்கின்றன.

கதவைத் திறக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன பிரிட்டிஷ் பொறியியல் சங்கம், பல இணைப்புகளுக்குப் பின் பெயர் மாறி, 1943-இல்தான் பெண்களை உறுப்பினராக ஏற்றது. 92 ஆண்டுகள்! இரண்டாம் உலகப் போரில் ஆலைகள் பெண்களால் நிரம்பிய பிறகு வேறு வழியே இல்லாமல் போனது. பெண்கள் குறைந்த கூலிக்கு வந்து நம் கூலியைக் கெடுத்துவிடுவார்கள் என்பதுதான் அதுவரை சொல்லப்பட்ட காரணம். சங்கத்துக்கு வெளியே நிறுத்தியதாலேயே அவர்கள் மலிவாகக் கிடைத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் பிடித்தது. குடியேறிகள் விஷயத்திலும் இதுவே நடந்தது. ஆவணமற்ற குடியேறிகளை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்குத் தண்டனை விதிக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை, மேலே சொன்ன அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பும் சிஐஓவும் பின்னர் இணைந்து உருவான ஏஎஃப்எல்-சிஐஓ ஆதரித்தது. அந்தத் தண்டனை நடைமுறையில் முதலாளியைத் தொடவில்லை. சங்கம் சேர முயன்ற குடியேறியை மிரட்டும் ஆயுதமானது. 2000-இல் அதே கூட்டமைப்பு நிலைப்பாட்டைத் தலைகீழாக மாற்றி, அந்த ஏற்பாட்டை நீக்கவும் ஆவணமற்றவர்களுக்குச் சட்ட அந்தஸ்து தரவும் கோரியது.

இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது: உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற, இனி வரப்போகிறவர்களை விட்டுக்கொடுப்பது. 2007-இல் அமெரிக்கக் கார்த் தொழிலாளர் சங்கமான யுஏடபிள்யூ, டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தத்தில் இரட்டைச் சம்பள முறையை ஏற்றது. புதிதாகச் சேர்பவருக்குப் பழையவரின் சம்பளத்தில் ஏறத்தாழ பாதி. நிறுவனங்கள் நெருக்கடியில் இருந்தன, ஆலைகள் மூடப்படும் பயம் இருந்தது; அந்தத் தலைவர்களைத் திட்டுவது எளிது, அவர்கள் இடத்தில் இருந்து பார்ப்பது கடினம். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஒரே வரிசையில் நின்று ஒரே திருகை முடுக்கும் இருவர், ஒரே சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள், ஒருவருக்கு மற்றவரில் பாதிச் சம்பளம். அந்த இளைஞருக்குச் சங்கம் என்ற சொல் என்ன பொருள் தரும்? இந்தப் படிநிலையைப் பெருமளவு உடைக்க 2023-இல் ஆறு வாரம் நீடித்த வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. இன்று எந்த நாட்டுச் சங்கமானாலும், நிரந்தரத் தொழிலாளரின் ஊதிய உயர்வுக்கு ஈடாக ஒப்பந்த ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசாமல் கையெழுத்துப் போடும்போது, அதே கடனைத்தான் வாங்குகிறது.

இதுவரை சொன்னது யார் தொழிலாளி என்பது பற்றி. முதலாளி யார் என்ற கேள்வியும் சங்கத்தின் அடையாளத்தை அதே அளவு ஆட்டி வைக்கிறது. 1894-இல் பிரிட்டிஷ் சமூக ஆய்வாளர்களான வெப் தம்பதியர் தந்த புகழ்பெற்ற வரையறையின்படி, கூலி பெறுவோர் தங்கள் வேலை நிலைமைகளைக் காக்கவும் மேம்படுத்தவும் தொடர்ந்து நடத்தும் அமைப்பே தொழிற்சங்கம். 1920-இல் அவர்களே ‘வேலை நிலைமைகள்’ என்பதை ‘உழைப்பு வாழ்வின் நிலைமைகள்’ என்று விரித்தார்கள். ஆனாலும் ‘கூலி பெறுவோர்’ என்ற சொல் அப்படியே நின்றது. கூலி கொடுக்க ஆளே இல்லாதவர் என்ன செய்வார்?

1972-இல் அகமதாபாத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. அங்கே 1920-இல் அனசூயா சாராபாயும் காந்தியும் முன்னின்று உருவாக்கிய ஜவுளித் தொழிலாளர் சங்கம் மிகவும் செல்வாக்கானது. அதன் மகளிர் பிரிவில் இருந்த இலா பட், தலைச்சுமைக்காரர்களையும் தெருவில் காய்கறி விற்பவர்களையும் வீட்டிலிருந்து தைப்பவர்களையும் சேர்த்து ‘சேவா’ (சுயதொழில் பெண்கள் சங்கம்) என்ற சங்கத்தைப் பதிவுசெய்யப் போனார். முதலாளி யார், யாரை எதிர்த்துப் போராடுவீர்கள் என்று தொழிலாளர் துறை மறுத்தது. சங்கம் யாரையும் எதிர்ப்பதற்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, தொழிலாளர்களின் ஒற்றுமைக்காகவும் இருக்கலாம் என்று அவர்கள் வாதாடிப் பதிவு வாங்கினார்கள். இரண்டே ஆண்டில் ஒரு கூட்டுறவு வங்கியையும் தொடங்கினார்கள். காய்கறி விற்கும் பெண்ணின் வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது கந்துவட்டி. ஆகவே அவளுக்கு வங்கிதான் கூட்டுப் பேரம். இப்படி ஒரு சங்கம் வங்கி நடத்துவதைப் பார்த்து ‘இது சங்கமா’ என்று கேட்டவர்கள் உண்டு. 1981-இல் தாய்ச் சங்கம் சேவாவை வெளியேற்றியது. அதன் பிறகு அந்த நகரத்தின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, தாய்ச் சங்கம் சுருங்கிப்போனது. சேவாவின் உறுப்பினர் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டியது. வீட்டிலிருந்து வேலை பார்ப்போருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1996-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னால் இந்தப் பெண்களின் உழைப்பும் இருக்கிறது.

முதலாளி இல்லாதது ஒரு வகை. முதலாளி ஒளிந்துகொள்வது இன்னொரு வகை. 1980-களில் அமெரிக்க நகரங்களின் அலுவலகக் கட்டடங்கள் துப்புரவு வேலையைக் காண்டிராக்ட் நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டன. ஒரு காண்டிராக்டரோடு சங்கம் ஒப்பந்தம் போட்டால், கட்டட உரிமையாளர் மறுமாதமே மலிவான வேறொருவரைக் கொண்டுவருவார். சேவைத் தொழிலாளர் சங்கமான எஸ்இஐயு இதை உடைக்க வழி கண்டது. காண்டிராக்டரை விட்டுவிட்டு, பணம் யாரிடமிருந்து வருகிறதோ அந்த உரிமையாளரின் வாசலுக்குப் போனது. ஒரு கட்டடத்துக்கு மட்டும் ஒப்பந்தம் கேட்காமல் வட்டாரத்தின் எல்லாக் காண்டிராக்டர்களுக்கும் ஒரே கூலி கேட்டது. 1990 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸின் செஞ்சுரி சிட்டியில் ஊர்வலம் போன துப்புரவுத் தொழிலாளர்களைக் காவல்துறை அடித்து நொறுக்கியது. அந்தக் காட்சி வெளியே வந்த பிறகு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் மத்திய அமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்த குடியேறிகள். அவர்களைத் திரட்டிய அனுபவம் இல்லாமல் 2000-இல் கூட்டமைப்பின் நிலைப்பாடு மாறியிருக்காது என்பது என் கணிப்பு. மேலிருந்து வந்த ஞானோதயம் என்று அதை நான் நம்பவில்லை.

செயலி நிறுவனங்கள் இந்த ஒளிந்துகொள்ளலை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயின. காண்டிராக்டரும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. கைகாட்டுவது கணக்கு நிரல். ரேட்டிங் குறைந்தால் ஐடி முடங்கும், காரணம் கேட்க ஆள் இருக்காது. சங்கங்களின் பதில் இங்கே நீதிமன்றத்திலும் தெருவிலுமாக இரண்டாகப் பிரிந்தது. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் இல்லை, குறைந்தபட்ச ஊதியத்துக்கும் விடுப்புக்கும் உரிய தொழிலாளர்கள் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சில மாதங்களிலேயே ஊபர் அங்கே ஜிஎம்பி சங்கத்தை அங்கீகரித்தது. ஆனால் அதே நீதிமன்றம் 2023 நவம்பரில், உணவு டெலிவரி நிறுவனமான டெலிவரூவின் ஓட்டிகள் தங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம் என்ற ஒப்பந்த விதியை முக்கியமாக எடுத்துக்கொண்டு, அவர்களுக்காகக் கட்டாயக் கூட்டுப் பேர அங்கீகாரம் கேட்ட ஐடபிள்யூஜிபி சங்கத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒப்பந்தத்தின் ஒரு வரியில் தொங்கும் அடையாளத்தை நம்பி மட்டும் சங்கம் கட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. அதே டெலிவரூவின் லண்டன் ஓட்டிகள் 2016 ஆகஸ்டில், மணிக்கணக்குக் கூலியை டெலிவரிக் கணக்குக்கு மாற்றும் திட்டத்தை எதிர்த்து வேலையை நிறுத்தியபோது, அவர்கள் கையில் எந்தச் சட்ட அந்தஸ்தும் இல்லை. ஆர்டருக்காகக் காத்து நிற்கும் இடங்களில் முகம் பழகியிருந்தார்கள், கைப்பேசியில் வாட்ஸ்அப் குழு இருந்தது. பழைய ஆலைக்கு வாயிலும் கேன்டீனும் செய்த வேலையை இவை செய்தன.

படித்த, ஓரளவு நல்ல சம்பளம் வாங்கும் தொழிலாளர்கள் பக்கம் விரைவாகப் பார்த்துவிடுவோம். சங்கம் கீழ்மட்ட வேலைக்கு மட்டும்தான் என்ற எண்ணம் ஸ்வீடனில் எப்போதோ போய்விட்டது. இன்று அங்கே அலுவலக ஊழியர்கள் உடலுழைப்புத் தொழிலாளர்களைவிட அதிக விகிதத்தில் சங்கத்தில் இருக்கிறார்கள். 2022-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 48,000 ஆராய்ச்சி, பயிற்றுப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது கார்த் தொழிலாளர் சங்கத்தின் கொடியின் கீழ். 2023-இல் ஹாலிவுட் திரைக்கதையாளர்கள் 148 நாள் போராடி, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள்.

எது வேலை செய்யவில்லை என்பதும் பதிலின் பகுதிதான். உறுப்பினர் குறையும்போது தலைமைகளுக்கு முதலில் தோன்றுவது இணைப்பு. ஜெர்மனியில் 2001-இல் ஐந்து சங்கங்கள் சேர்ந்து 28 லட்சம் பேரோடு வெர்டி என்ற சேவைத் துறைச் சங்கம் உருவானது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. சேர்ந்ததால் நிர்வாகம் சீரடைந்திருக்கலாம், போராட்ட நிதி காப்பாற்றப்பட்டிருக்கலாம். வெளியே நின்றவர் அதனால் உள்ளே வந்துவிடவில்லை. உறுப்பினருக்குக் கடன் அட்டை, காப்பீட்டுத் தள்ளுபடி என்று சங்கத்தைச் சேவை நிறுவனம்போல விற்றுப் பார்த்த முயற்சிகளும் அப்படியே. தள்ளுபடிக்காக வந்தவர் அதைவிடப் பெரிய தள்ளுபடி கிடைத்த இடத்துக்குப் போவார்.

அதே ஜெர்மனியில் உலோகத் தொழிலாளர் சங்கமான ஐஜி மெட்டால் செய்த இரண்டு காரியங்களை இதற்கு எதிராக வைத்துப் பாருங்கள். தனியாளாகச் சுயதொழில் செய்பவர்களுக்கு 2016-இல் கதவைத் திறந்தது. 2018-இல், குறிப்பிட்ட காலத்துக்கு வாரம் 28 மணி நேரமாக வேலையைக் குறைத்துக்கொண்டு பிறகு முழுநேரத்துக்குத் திரும்பும் உரிமையை வாங்கியது. உலோக ஆலைச் சங்கம் ஒன்று, குழந்தை வளர்ப்பதையும் முதியோரைப் பார்த்துக்கொள்வதையும் ஆலைக் கோரிக்கையாக்கியது சின்ன விஷயமில்லை. வீட்டில் யாருக்காவது பொறுப்பாக இருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அதில் இடம் இருந்தது.

கடைசிக் கேள்வி: சேர்வதா, தனியாகத் தொடங்குவதா? இரண்டுக்கும் முன்னுதாரணம் உண்டு. ஐடபிள்யூஜிபி 2012-இல் லண்டனில் துப்புரவு வேலை பார்த்த லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் பெரிய சங்கங்களில் தங்கள் குரல் ஏறாததால் தொடங்கியது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் அமேசான் கிடங்குத் தொழிலாளர்கள் எந்தப் பெரிய சங்கத்தோடும் இணையாமல் 2022 ஏப்ரலில் சங்க அங்கீகாரத்துக்கான தேர்தலில் வென்றார்கள். நிறுவனம் பேச்சுவார்த்தைக்கே வராமல் காலத்தைக் கடத்த, 2024 ஜூனில் வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் பெயரை விடாமல் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தோடு இணைந்தார்கள். திரட்டுவதற்குத் தனி அடையாளம் உதவியது. நிறுவனத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் நிற்பதற்குப் பெரிய சங்கத்தின் நிதியும் வழக்கறிஞர்களும் தேவைப்பட்டார்கள்.

ஆகவே செயலியில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு என் யோசனை இது. பழைய சங்கத்தின் அலுவலகத்துக்குப் போய் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். எங்களுக்கென்று தனிக் குழு இருக்குமா, எங்களைப் பற்றிய ஒப்பந்தத்தில் எங்கள் வாக்கெடுப்பு இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டீர்களா? ஒரு வாரம் வருமானம் வந்து மறு வாரம் வராதவருக்கு ஏற்றபடி சந்தாவை வைப்பீர்களா? இரண்டுக்கும் எழுத்தில் சம்மதம் கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் தனியாகத் தொடங்குங்கள். அப்படித் தொடங்கினாலும், பக்கத்துக் கிடங்கிலோ துறைமுகத்திலோ நிரந்தர வேலையில் இருக்கும் சங்கக் கிளைச் செயலாளர் ஒருவரை முதல் கூட்டத்துக்கே அழைத்து உட்கார வையுங்கள். 1889-இல் கப்பலுக்குள்ளிருந்து இறங்கி வந்தவர்களைப் போன்ற ஆட்கள் உங்களுக்கும் வேண்டியிருக்கும்.